துலாக்கோலும் எண்ணப்படாத மக்களும்: தந்தை செல்வாவின் வாழ்வு

காவிரியின் கரையில் அமைந்த மோகனூர், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர். 1930ஆம் ஆண்டு திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்த உப்புச் சத்தியாக்கிரகப் படைக்கு வழிநடைப் பாடல் எழுதித் தந்த பெருமை இவ்வூர் மைந்தருக்கு உண்டு. ஆயினும் இச்சமவெளியிலிருந்து புறப்பட்ட நடைப்பயணம் அது ஒன்றே அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிச் சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட உழவர் குடும்பங்கள் கங்காணிகளின் பின்னே இராமேசுவரக் கரைக்கும் தொண்டிக்கும் நடந்தன. கடல் கடந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கண்டி மலைக்கு ஏறின. அந்நடைக்குப் பாட்டெழுதிய கவிஞர் எவரும் இலர்.

அவ்வாறு சென்றவர்களின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டு குடியுரிமை இழந்து நின்றனர். அப்போது அவர்கள் பொருட்டுத் தம் கட்சியையும் தம் தலைவரையும் துறந்து வெளியேறிய ஒருவர், அம்மலைகளில் பிறந்தவரல்லர். அவர்களுடைய வாக்கினால் வென்றவரும் அல்லர். யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த அவ்வழக்கறிஞரே சா. ஜே. வே. செல்வநாயகம். ஈழத்துத் தமிழர் அவரைத் தந்தை செல்வா என்று அழைத்தனர். ஒரு நாட்டில் இரண்டு மக்களினங்களுக்கு இடையே அரசியல் சமநிலை எவ்வாறு நாடப்பட்டது, எவ்வாறு குலைந்தது, அக்குலைவு எவ்வாறு போரில் முடிந்தது என்பதை அறிய விழைவோர்க்கு அவருடைய வாழ்வே தக்க பாடநூலாகும்.

பிறப்பும் கல்வியும்

செல்வநாயகம் 1898 மார்ச் 31ஆம் நாள் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். பிழைப்புத் தேடி யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்குச் சென்ற காலம் அது. அவர் தந்தையாரும் அவ்வாறு சென்றவரே. குழந்தைக்கு நான்கு வயதானபோது தாயார் பிள்ளைகளுடன் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், பின்னர்க் கொழும்பு புனித தோமையர் கல்லூரியிலும் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை 1918இல் வெளிவாரி மாணவராகப் பெற்றார். சில காலம் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே சட்டம் பயின்று, 1924இல் வழக்கறிஞரானார். 1927இல் எமிலி கிரேசு அம்மையாரை மணந்தார். உரிமையியல் வழக்குகளில் அவருக்கு இருந்த தேர்ச்சி நாடறிந்தது. 1947இல் மன்னரின் வழக்கறிஞர் என்னும் சிறப்பு நிலையும் அவரை வந்தடைந்தது.

மெலிந்த உடல், தாழ்ந்த குரல், மேடையை அதிர வைக்கும் சொல்வன்மை இல்லை. நில உரிமைப் பத்திரங்களை வரி வரியாகப் படித்துப் பழகிய கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தன. சட்டத்தின் ஒரு சொல் நாளை எவருடைய நிலத்தை எவரிடம் சேர்க்கும் என்பதைக் கணிக்கும் அந்தத் தொழிற்பயிற்சியே பின்னாளில் அவருடைய அரசியலாயிற்று.

சமநிலை என்னும் கனவு

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் இலங்கைக்கு அனைவருக்கும் வாக்குரிமையை வழங்கியது. அத்துடன் இனவாரிப் பிரதிநிதித்துவத்தையும் நீக்கியது. ஆளுக்கொரு வாக்கு என்பது நீதி. எனினும் மக்கள் இனவாரியாகவே வாக்களிக்கும் நாட்டில், பெரும்பான்மை இனத்தவர் எப்போதும் வெல்வர். சிறுபான்மையினர் எப்போதும் தோற்பர். 1936இல் அமைச்சர் குழு முழுவதும் சிங்களவராகவே அமைந்தபோது இவ்வச்சம் கண்கூடாயிற்று.

இதற்கு மாற்றாக ஜி. ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது என்னும் கோரிக்கையை எழுப்பினார். சட்டமன்ற இடங்களுள் பாதி சிங்களவர்க்கு. மறுபாதி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முசுலிம்கள், பறங்கியர் ஆகிய சிறுபான்மையினர் அனைவர்க்கும் சேர்த்து. ஓரினம் தனித்து மற்றவற்றை அடக்க இயலாதவாறு துலாக்கோலின் இரு தட்டுகளும் நிகராக நிற்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. 1944இல் அவர் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தோற்றுவித்தபோது, செல்வநாயகம் அவருக்குத் துணையாக நின்றார்.

நூற்றாண்டுக்கு முன்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் இத்தகைய துலாக்கோல் ஒன்றைக் கையில் பிடித்திருந்தன. 1819இல் அங்கே அடிமை முறை உள்ள மாநிலங்கள் 11. அம்முறை இல்லாதவை 11. மாநிலத்துக்கு இருவர் என்னும் கணக்கில் அமைந்த செனட் சபையில் இரு தரப்பும் நிகராக நின்றன. மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்க்க நேர்ந்தபோது, மெயின் என்னும் பகுதியைச் சுதந்திர மாநிலமாகச் சேர்த்து 1820இல் சமன் செய்தனர். முப்பது ஆண்டுகள் ஒரு தட்டில் ஒரு கல், மறு தட்டில் ஒரு கல் என வைத்து வந்தனர். 1850இல் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாக நுழைந்தபோது கணக்கு 16க்கு 15 ஆயிற்று. பதினோராண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அங்கே சமநிலை, மனிதரை உடைமையாக வைத்திருந்தோரின் அரண். இங்கே அது, சிறுபான்மையினர் தம்மைக் காத்துக்கொள்ள நாடிய கேடயம். நோக்கம் வேறாயினும் இரண்டையும் தாங்கிய தூண் ஒன்றே. எத்தனை இடங்கள் என்னும் எண்ணின் மீது அமைதியைக் கட்டிவிடலாம் என்பதே அந்நம்பிக்கை. எண்ணை மாற்றும் வல்லமை உடையவர் கைக்கு அமைதியும் போய்விடும் என்பதை அப்போது உணர்ந்தோர் சிலரே.

1944 இறுதியில் இலங்கைக்கு வந்த சோல்பரி ஆணைக்குழு ஐம்பதுக்கு ஐம்பதை ஏற்கவில்லை. மக்கள்தொகைக்கு ஏற்பவும், பரப்பு மிக்க மாகாணங்களுக்குக் கூடுதலாகவும் இடங்களை வகுத்தது. அவ்வாறு வகுத்தால் தேர்ந்தெடுக்கப்படும் 95 பேரில் 58 பேர் சிங்களவராகவும் 37 பேர் சிறுபான்மையினராகவும் இருப்பர் என்று மதிப்பிட்டது. அரசியல் யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்பதும், ஓரினத்துக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்பதும் காப்புகளாயின. 37 பேர் இருக்கும் வரை மூன்றில் இரண்டு பங்கு எளிதில் கிட்டாது. ஆகவே அந்த 37 என்னும் எண்ணே சிறுபான்மையினரின் மெய்யான காப்பு. அவ்வெண்ணில் மலையகத் தமிழரின் பங்கு பெரிது.

துலாத்தட்டு சாய்ந்த நாள்

1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் 7,80,589 பேர். இலங்கைத் தமிழர் 7,33,731 பேர். தேயிலைக் கொழுந்து பறித்த மக்கள் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் சேர்த்த தொகையினும் மிகுந்திருந்தனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு மலைநாட்டில் 6 இடங்களைப் பெற்றது. தமிழ்க் காங்கிரசு 7 இடங்களைப் பெற்றது. காங்கேசன்துறையில் வென்ற செல்வநாயகம் நாடாளுமன்றம் புகுந்தார்.

நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே டி. எஸ். சேனநாயக்காவின் அரசு குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தந்தையோ, தந்தையும் பாட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று காட்டுவோரே பிறப்புவழிக் குடிமக்கள். தோட்டத்து லயன் அறையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே? சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆயினும் அது எவரைக் குறித்தது என்பதை யாவரும் அறிவர். 1949இல் வந்த மற்றொரு சட்டம், வதிவிடத்தை மெய்ப்பித்து விண்ணப்பிப்போர்க்கு ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. அவ்வாயில் வழியே நுழைந்தவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே ஆண்டில் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடிமக்கள் அல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

பொன்னம்பலம் 1948 செப்டம்பரில் சேனநாயக்காவின் அமைச்சரவையில் இணைந்தார். அமைச்சராயிருந்து வடக்கில் தொழிற்சாலைகளை நிறுவலாம், மக்களுக்கு நன்மை செய்யலாம் என்பது அவர் கணக்கு. அது முற்றிலும் தன்னலக் கணக்கு என்று தள்ளிவிட இயலாது. செல்வநாயகம் வேறு கணக்குப் போட்டார். இன்று வலிமையற்ற மக்களைத் தாக்கிய சட்டம், நாளை மொழி என்னும் வாயில் வழியே இலங்கைத் தமிழரின் வீட்டுக்கும் வரும் என்று அவர் எச்சரித்தார். கு. வன்னியசிங்கம், ஈ. எம். வி. நாகநாதன் ஆகியோருடன் வெளியேறி, 1949 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார். இடங்களின் எண்ணிக்கையால் வரும் சமநிலையை விடுத்து, வடக்கும் கிழக்கும் தம்மைத் தாமே ஆளும் கூட்டாட்சி என்பதை அக்கட்சி முன்வைத்தது. எண்ணைப் பெரும்பான்மை மாற்றிவிடலாம். நிலத்தின் எல்லையை அத்துணை எளிதில் மாற்ற இயலாது என்பது நில வழக்குகளில் தேர்ந்தவரின் முடிபு.

இம்முடிவுக்கு அவர் கொடுத்த விலை உடனே வந்தது. 1952 தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்தனர். மலையக மக்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்தவரை அம்மக்கள் வாக்களித்துக் காக்க இயலவில்லை. அவர்களிடம் வாக்கே இல்லை. அத்தேர்தலில் மலைநாட்டிலிருந்து இந்திய வம்சாவளித் தமிழர் பிரதிநிதி ஒருவர்கூட வரவில்லை.

எண்ணப்பட்டும் குரலற்றோர்

இங்கே நுணுக்கமான ஒரு கொடுமை உண்டு. வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மலையக மக்கள், தொகுதி வகுக்கும் கணக்கிலிருந்து நீக்கப்படவில்லை. 75,000 மக்களுக்கு ஓரிடம் என்று மாகாணங்களுக்கு இடங்களைப் பகிர்ந்தபோது அவர்களும் தலைக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் தலைகளால் மலைநாட்டுக்கு இடங்கள் மிகுந்தன. அவ்விடங்களை நிரப்பியவர்கள் அவர்களுக்கு எதிராக வாக்களித்த கண்டிப் பகுதிச் சிங்களப் பிரதிநிதிகள். ஒருவனுடைய உடலின் எடையைக் கொண்டே அவனுக்கு எதிரான தட்டைத் தாழ்த்துவது போன்றது இது.

அமெரிக்க அரசியல் யாப்பிலும் 1787இல் இதுவே செய்யப்பட்டது. அடிமைகளுக்கு வாக்கில்லை, ஆயினும் கீழவையின் இடங்களைப் பகிர்ந்தபோது அவர்கள் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு கணக்கில் கொள்ளப்பட்டது. அடிமைகள் பெருகப் பெருக அவர்தம் உடைமையாளர்களின் பிரதிநிதிகள் பெருகினர். தேயிலைத் தொழிலாளர் சட்டப்படி அடிமைகள் அல்லர். விலைக்கு விற்கப்பட்டவரும் அல்லர். இருப்பினும், எண்ணத்தக்கவர் ஆனால் பேசத்தகாதவர் என்ற நிலையில் அவ்விரு மக்களும் ஒருவர்க்கொருவர் உறவினரே. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். அக்கோல் தன்னளவில் நேராக இருத்தல் வேண்டும் என்பது அவ்வுவமையின் அடிப்படை. கோலையே வளைத்தபின் தட்டுகளின் நிகரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்கள்

செல்வநாயகத்தின் எச்சரிக்கை எட்டாண்டுகளில் மெய்யாயிற்று. 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. முன்னர் அவரைத் தோற்கடித்த காங்கேசன்துறை அவ்வாண்டு அவரை மீண்டும் வரவேற்றது. தமிழரசுக் கட்சி 10 இடங்களைப் பெற்றது. மொழிச் சட்ட முன்வரைவு வந்த ஜூன் 5ஆம் நாள், கொழும்புக் காலிமுகத் திடலில் அவர் தொண்டர்களுடன் அறவழியில் அமர்ந்தார். குண்டர்கள் அவர்களை அடித்துத் துவைத்தனர். எதிர்த்துக் கை ஓங்கலாகாது என்பது தலைவரின் கட்டளை.

1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிராந்திய சபைகள், தமிழ்மொழிக்கு உரிய இடம், குடியேற்றங்களில் கட்டுப்பாடு ஆகியன அதில் அடங்கின. மலையக மக்களின் குடியுரிமை விரைவில் கருதப்படும் என்னும் உறுதியையும் அவர் பெற்றார். தம் மக்களுக்கான உடன்படிக்கையிலும் பிறர்க்கான ஒரு வரியை மறவாது வைத்தமை அவர் இயல்பு. எதிர்க்கட்சியினர் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டனர். பிக்குகள் பிரதமர் இல்லத்தின் முன் அமர்ந்தனர். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதம் நாடெங்கும் தமிழர் கொல்லப்பட்டனர்.

1960 மார்ச்சில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, 15 இடங்களுடன் செல்வநாயகமே துலாக்கோலின் முள்ளாக நின்றார். டட்லி சேனநாயக்காவின் அரசு ஒரு மாதத்தில் கவிழ்ந்தது. ஆனால் ஜூலையில் நடந்த மறுதேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கட்சி பெரும்பான்மை பெற்றதும், முள்ளின் தேவை அற்றுப்போயிற்று. 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் அரசு அலுவலகங்களை முடக்கிய மாபெரும் சத்தியாக்கிரகத்தை அவர் நடத்தினார். பனாகொடை இராணுவ முகாமில் சிறை வைக்கப்பட்டார். 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லியுடன் இரண்டாவது உடன்படிக்கை. மாவட்ட சபைகள் அதன் உயிர். அதுவும் நிறைவேறவில்லை, 1968இல் தமிழரசுக் கட்சி அரசை விட்டு விலகியது. தம் வாழ்நாளில் செல்வநாயகம் ஒருபோதும் அமைச்சர் பதவி ஏற்றாரல்லர்.

இவற்றுக்கிடையே 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் லால் பகதூர் சாத்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தனர். இங்கேயும் ஓர் ஐம்பதுக்கு ஐம்பது நிகழ்ந்தது. நிறுக்கப்பட்டவர்கள் மட்டும் கேட்கப்படவில்லை. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் மண்டபம் முகாமில் இறங்கின. சிலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் பாட்டன் பெயர் சொல்லி இச்சமவெளியின் ஊர்களைத் தேடினர். நாற்றங்கால் அவர்களை மறந்திருந்தது; நட்ட வயலும் அவர்களைப் பிடுங்கியிருந்தது.

இறுதி ஆண்டுகள்

1970 தேர்தலில் சிறிமாவோவின் கூட்டணி 151 தொகுதிகளுள் 116ஐ வென்றது. சோல்பரி யாப்பு எந்த மூன்றில் இரண்டு பங்கை நம்பியிருந்ததோ, அது சிறுபான்மையினர் எவருடைய ஒப்புதலும் வேண்டாமலே கிட்டிவிட்டது. 1972 மே 22ஆம் நாள் வந்த குடியரசு யாப்பில் பழைய காப்புகள் இல்லை. சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதன்மை இருந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் செல்வநாயகம் தமிழகம் வந்து தலைவர்களைக் கண்டு நிலைமையை எடுத்துரைத்தார். அக்டோபரில், புதிய யாப்பை என் மக்கள் ஏற்றனரா என்பதை அறிய இடைத்தேர்தல் வைக்க வேண்டும் என்று அரசை அழைத்துத் தம் பதவியைத் துறந்தார். அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலங்கடத்தியது. 1975 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது மக்கள் அவருக்குப் பெருவெற்றி அளித்தனர்.

அப்போது பார்க்கின்சன் நோய் அவர் உடலைத் தளர்த்தியிருந்தது, செவியும் மங்கியது, அருகில் இருப்போர் அவர் சொல்லை உற்றுக் கேட்டுப் பிறர்க்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்நிலையில் 1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டையில் அவர் தலைமையில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி, தனி அரசு என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இடங்களில் சமநிலை கேட்டு அரசியல் புகுந்தவர், கூட்டாட்சி கேட்டு நடுவயதைக் கழித்து, பிரிவினையில் வந்து நின்றார். ஒவ்வொரு படியிலும் முந்தைய படி அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

ஆயினும் இப்படியேற்றத்தில் ஒரு பெருந்துயரம் உண்டு. அதை மறைத்தல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. எந்த மக்களுக்காக அவர் 1948இல் வெளியேறினாரோ, அந்த மலையக மக்கள் வடகிழக்கின் எல்லைக்குள் இல்லை. கூட்டாட்சி வந்தாலும் தனி அரசு வந்தாலும் அவர்கள் சிங்களப் பகுதிகளின் நடுவிலேயே இருப்பர். கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராயிருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் தனி அரசுக் கோரிக்கையில் சேராது விலகி நின்றமைக்கு இதுவே காரணம். எண்ணை விட்டு நிலத்தைப் பற்றிய அரசியல், நிலமற்ற மக்களைத் தன்னோடு எடுத்துச்செல்ல வழி காணவில்லை.

1977 பிப்ரவரியில் பொன்னம்பலம் மறைந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் செல்வநாயகமும் மறைந்தார். ஐம்பதுக்கு ஐம்பதில் கைகோத்துக் குடியுரிமையில் பிரிந்த இருவரும் பதினொரு வாரங்களுக்குள் காலமாயினர். கட்சி, சமய வேறுபாடின்றி யாழ்ப்பாணமே திரண்டு செல்வநாயகத்தை வழியனுப்பியது. ஜூலைத் தேர்தலில் கூட்டணி 18 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. அறவழிக்கு அதுவே கடைசி அறுவடை. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. தொடங்கிய போர் 2009 மே வரை ஓயவில்லை. நாடற்றோராய் எஞ்சிய மலையகத் தமிழருக்குக் குடியுரிமையை 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் வழங்கின. 1948இல் செல்வநாயகம் கேட்டது ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நிறைவேறிற்று.

வெற்றியை அளவுகோலாகக் கொண்டால் அவர் தோற்றவர். அவர் கையொப்பமிட்ட இரு உடன்படிக்கைகளும் நிறைவேறவில்லை. அவர் விலக்க முயன்ற போர் வந்தது. ஆனால் ஒரு நாட்டின் சமநிலை எங்கே முதலில் விரிசல் காணும் என்பதை அவர் பிறர்க்கு முன் கண்டார். இரு வலியவர் நடுவே உள்ள எல்லைக்கோட்டில் அன்று அவ்விரிசல் விழுந்தது. இருவராலும் எளிதில் மறக்கப்படும் எளியவரின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட இடத்தில் விழுந்தது. காவிரிக்கரையிலிருந்து சென்று பெயரிழந்த மக்களுக்காக, காவிரியையே அறியாத ஊரிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். பாட்டின்றி நடந்த அம்மக்களின் நடையைப் பாட வேண்டிய கடன், அவர்கள் புறப்பட்டுச் சென்ற இந்நிலத்துக் கவிஞர்களிடம் இன்னும் இருக்கிறது.